இரண்டரை மணிக்கு ஒரு குரல்

லண்டன்,
20 ஜனவரி 1986

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

அண்ணன் ஆம்ப்ரோஸ் எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் ரோவினாவும் அங்கே கடற்காற்றைத் தாங்கிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு நாடாளுமன்றத்துக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் எண் போடாமல் எழுத எனக்கு வரவில்லை. இந்தக் கடிதத்தில் நான்கு விஷயங்கள்:

1. என் உடல்நிலை.
2. உன் மருமகன் டங்கன் போன்றவர்களுக்காக வரும் மசோதா வெள்ளிக்கிழமை என்ன பாடுபடும்.
3. அதற்காக நீ லண்டன் வர வேண்டியதில்லை. மேலே பார்வையாளர் மாடத்தில் நீ உட்கார்ந்திருப்பதால் கீழே அவையில் எதுவும் மாறாது.
4. ரோவினா.

முதலாவது. இருமல் குறைந்திருக்கிறது. முழங்கால் குறையவில்லை.

இரண்டாவது. உங்கள் ஹேவர்பி தொகுதியின் உறுப்பினர் ஹாலாம் எதிர்க்கட்சிக்காரர், நான் ஆளும் கட்சிக்காரன். ஆனாலும் அவர் கொண்டுவரும் மசோதாவைக் கவனமாகப் படித்தேன். சிறு படகில் கடலுக்குப் போய் உடல் கிடைக்காமல் போனவரை, ஏழு ஆண்டு காத்திருக்காமல் ஓராண்டிலேயே இறந்தவராகப் பதியலாம் என்கிறது. நல்ல நோக்கம். தனி உறுப்பினர்களின் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமைதான் நாள். பட்டியலில் முதலில் இருக்கும் மசோதா பகல் முழுவதையும் விழுங்கிவிடும். இரண்டரை மணிக்குப் பேச்சு நின்றுவிடும். பிறகு எழுத்தர் மீதி மசோதாக்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படிப்பார். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அந்த மசோதா விவாதமே இல்லாமல் இரண்டாம் வாசிப்பு என்ற படியைத் தாண்டிவிடும். யாராவது ஒருவர், எழுந்திருக்காமல், காரணம் சொல்லாமல், “ஆட்சேபம்” என்று குரல் கொடுத்தால் அன்றைக்கு அது அவ்வளவுதான். அவைக் குறிப்பிலும் அவர் பெயர் வராது. விசித்திரமான வழக்கம், ஆனால் பழையது. ஹாலாமின் மசோதா பிப்ரவரி 14 பட்டியலில் நான்காவதாக இருக்கிறது.

மூன்றாவது. மாடத்திலிருந்து பார்த்தால் எங்கள் வழுக்கைத் தலைகள்தான் தெரியும். அதற்காக இந்தக் குளிரில் இரண்டு ரயில் மாறி வராதே.

நான்காவது. அவளைச் சாப்பிடச் சொல். மாலையில் துறைமுகச் சுவரில் போய் நிற்பதை நிறுத்தச் சொல்.

உன் அண்ணன்,
ஆம்ப்ரோஸ் பிக்கர்ஸ்கில்

*

ஹேவர்பி,
27 ஜனவரி 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

ஹெஸ்டர். உங்கள் இருமல் குறைந்தது கேட்டு நிம்மதி. முழங்காலுக்கு வாத்துக் கொழுப்பு தேயுங்கள். சிரிக்காதீர்கள், தேயுங்கள்.

உங்கள் நான்கு விஷயங்களையும் ரோவினாவுக்குப் படித்துக் காட்டினேன். “மாமா ஓரத்துல மார்க் போட இடம் விட்டிருக்காரா பாரும்மா” என்றாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வேடிக்கை. அதற்காகவே உங்கள் எண்களை மன்னித்தேன்.

போன வாரக் காற்றில் அவள் வீட்டுக் கூரையில் பாதி ஓடு பறந்துவிட்டது. மழை நேரே அடுப்பின் மேல் விழுகிறது. வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்து இருக்கிறேன் என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டாள். வங்கிக்குப் போனோம். வீடு டங்கன் பெயரில் இருக்கிறது. முகப்பில் இருந்தவன் டங்கனோடு ஒரே வகுப்பில் படித்தவன், படகு போன அன்று எங்களோடு கரையில் விடியும்வரை நின்றவன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “என்ன தப்பா நினைக்காத ரோவி. அவன் ஒரு நடை வந்து கையெழுத்துப் போடணும்னு இருக்கு. எழுதியிருக்கறதத்தான் நான் சொல்ல முடியும்.”

இவள் என்ன சொன்னாள் தெரியுமா? “சரி, வரச் சொல்றேன்.”

அன்று மாலை துறைமுகச் சுவரில் போய் நின்றாள். அண்ணா, அவள் கேலிக்காகச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. கூரையை விடுங்கள், நான் கேட்பது இந்தப் பெண்ணுக்காக. அவன் போய்விட்டான் என்று எங்காவது ஒரு காகிதம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் ஐந்து வருடம் இவள் அந்தச் சுவரில் நின்றே தீர்ந்துபோவாள்.

ஹாலாம் எதிர்க்கட்சி என்று பார்க்காதீர்கள். உங்களால் என்ன முடியுமோ செய்யுங்கள்.

தங்கை,
ஹெஸ்டர்

*

லண்டன்,
9 பிப்ரவரி 1986

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

நலம். வாத்துக் கொழுப்பு தேய்த்தேன். தங்கும் விடுதிக்காரி சமையலறையில் யாரோ பொரிக்கிறார்கள் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

ரோவினாவைப் பற்றி நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். அதனால்தான் தாமதம்.

இங்கே செய்தி ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை என்றால் மத்தியானத்துக்குள் எல்லோரும் தொகுதிக்கு ரயில் ஏறிவிடுவார்கள். அவை வகுப்பு முடிந்த பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். எங்கள் கட்சி உறுப்பினர்களைக் கட்டி மேய்க்கும் கொறடா மேஜர் ஸ்டான்டிஷ் நேற்று முன்தினம் தேநீர் அறையில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் என்னோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பது இதுவே முதல் தடவை. “பதினாலாம் தேதி இருப்பீங்கள்ல வாத்தியாரே? உங்கள மாதிரி நம்பகமான ஒரு ஆள் பின்னாடி இருந்தா எனக்குத் தைரியம்” என்றார். இருப்பேன் என்றேன். மேலும் சிலது பேசினோம்.

அதனால் நான் அன்று அவையில் இருப்பேன். நீ வர வேண்டாம் என்பதை மறுபடி சொல்கிறேன். பனி கொட்டும் என்கிறார்கள்.

உன் அண்ணன்,
ஆம்ப்ரோஸ்

*

லண்டன்,
15 பிப்ரவரி 1986

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். நானும் அப்படியே.

மசோதா நேற்று தாண்டவில்லை. பெயர் படிக்கப்பட்டது. ஆட்சேபம் எழுந்தது. ஹாலாம் உடனே மே 2 என்று அடுத்த நாளைக் குறித்துக்கொண்டார். ஆகவே அது செத்துவிடவில்லை, தள்ளிப்போயிருக்கிறது. இதை ரோவினாவிடம் இந்த வார்த்தைகளிலேயே சொல்: தள்ளிப்போயிருக்கிறது.

இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. விடுதியில் வெந்நீர்க் குழாய் சத்தம்.

உன் அண்ணன்,
ஆம்ப்ரோஸ்

*

ஹேவர்பி,
3 மார்ச் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுதக் கை வரவில்லை. இப்போது நலம். ரோவினா இருக்கிறாள்.

ஊர் நூலகத்துக்கு அவைக் குறிப்பு வந்திருந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மசோதாவின் பெயர், அதன் கீழே ஒரு வரி: “சில உறுப்பினர்கள்: ஆட்சேபம்.” சில உறுப்பினர்கள் என்று போட்டிருக்கிறது. அது ஒரே ஒரு குரல்தான் என்று ஹாலாம் சொன்னார். நீங்கள் அங்கே இருந்தீர்கள். யார் அது?

உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது?

பழுப்புக் கோட்டில் இடது முழங்கை கிழிந்திருக்கிறது. தைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேர் நடுவில் அப்படி உட்காராதீர்கள்.

ஹெஸ்டர்

*

லண்டன்,
12 மார்ச் 1986

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

தொண்டை பரவாயில்லை. கோட்டைக் கழற்றிப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான், கிழிந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நான் அங்கே வந்தபோது அது நன்றாக இருந்தது என்று நினைவு. என் நினைவு தவறாகவும் இருக்கலாம். உனக்கு எப்படித் தெரிந்தது?

நீ கேட்டதற்கு வருகிறேன். குறிப்பில் பெயர் இல்லாததற்குக் காரணம் உண்டு. ஆட்சேபம் சொல்பவர் பெரும்பாலும் தன் சொந்த விருப்பத்தில் சொல்வதில்லை. அமைச்சகத்தின் சட்டக்காரர்கள் ஏதாவது ஒரு பிரிவில் ஓட்டை இருப்பதாகச் சொல்வார்கள். அதற்காக யாரோ ஒருவர் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்கும் சந்தேகம் இருந்திருக்கலாம். நம் தெருவில் இருந்த ஆக்டனை நினைத்துப் பார். போரில் செத்துவிட்டார் என்று தந்தி வந்தது. மனைவி வேறு கல்யாணம் செய்துகொண்டாள். 1945இல் போர் முடிந்ததும் கைதி முகாமிலிருந்து மூட்டையோடு வந்து வாசலில் நின்றார். புதுக் கணவன்தான் கதவைத் திறந்தான். அன்று எதிர்வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தது நான். ஏழு ஆண்டு என்று வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை.

இதையெல்லாம் அந்த நபருக்காக வாதாட எழுதவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

ரோவினா சாப்பிடுகிறாளா?

ஆம்ப்ரோஸ்

*

ஹேவர்பி,
2 ஏப்ரல் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

குளிர் விட்டுவிட்டது. உங்கள் முழங்காலுக்கு இனிமேல் சுகமாக இருக்கும்.

ஆக்டன் போனது போருக்கு. டங்கன் போனது நண்டுக்கூடு தூக்க, கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு. படகின் பெயர்ப்பலகை மூன்றாம் நாள் கரையில் ஒதுங்கியது. ‘ஹெலன் மே’ என்பதில் ‘மே’ மட்டும். நீங்கள்தான் அதைக் கையில் வாங்கி உங்கள் கோட்டுக்குள் மறைத்தீர்கள், ரோவினா பார்த்துவிடக் கூடாது என்று. ஆக்டனை நினைத்தவருக்கு இது நினைவுக்கு வரவில்லையா?

போன வாரம் அவன் போய் இரண்டு வருடம் நிறைந்தது. அன்று மாலை நானும் அவளோடு சுவரில் போய் நின்றேன். காற்று தள்ளியது. “வீட்டுக்குப் போலாம் வாம்மா, போதும்” என்றேன்.

“எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா?” என்றாள். “முதல் நாளே தெரியும். ஆனா சட்டம் அவர் உயிரோட இருக்கார்னு சொல்லுது. வங்கில சொல்றாங்க. வரி ஆபீஸ்ல இருந்து அவர் பேருக்குத்தான் கடிதாசு வருது. ஊர்ல எல்லாரும் இருக்கார்ங்கறப்போ நான் ஒருத்தி மட்டும் இல்லன்னு சொன்னா, அவரக் கொன்னது நானாயிட மாட்டேனாம்மா?”

படித்தவர் நீங்கள். உங்களுக்குப் பதில் தெரிந்தால் எழுதுங்கள்.

ஹெஸ்டர்

*

லண்டன்,
20 ஏப்ரல் 1986

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

உன் உடல்நலம் கேட்டு எழுதுகிறேன். என்னுடையதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ரோவினாவின் கேள்விக்குப் பதில் தேடி மசோதாவை மறுபடி எடுத்துப் படித்தேன். நான்காம் பிரிவைப் படிக்கவே இல்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது. தவறாகப் பதிந்துவிட்டால் எப்படித் திருத்துவது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. ஆக்டனுக்குக்கூட அதில் இடம் உண்டு. ஜனவரியில் கவனமாகப் படித்தேன் என்று உனக்கு எழுதியிருந்தேன். நான் பையன்களின் கட்டுரைகளை இப்படிப் படித்திருந்தால் எத்தனை பேரைத் தவறாகத் தோற்கடித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மேஜர் ஸ்டான்டிஷ் வியாழக்கிழமை மீண்டும் வந்தார். இந்த முறை தேநீரோடு கேக்கும் வாங்கி வைத்தார்.

“அதே வேலைதான் வாத்தியாரே. மே ரெண்டு. எழுந்திரிக்கக்கூட வேணாம்.”

“அந்த மசோதாவில் பெரிய குறை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லையே” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“குறை இருக்கோ இல்லையோ, நம்ம ஆளுங்களே நல்லதா ஒண்ணு எழுதிக் கொண்டுவரப் போறாங்க.”

“எப்போது?”

“வரும் வரும். பாருங்க, இது விதவைங்க சமாச்சாரம். முன்வரிசையில இருந்து நான் கத்தினா பத்திரிகைக்காரன் கிழிச்சித் தொங்கவிட்டுடுவான். பின்னாடி இருந்து ஒரு சத்தம் வந்தா யாருன்னே தெரியாது. போன தடவ எவ்வளவு சுத்தமா முடிச்சீங்க! கேக் எடுத்துக்குங்க.”

எடுத்துக்கொண்டேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போனார். வாழ்நாள் முழுவதும் என்னை எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

‘மீண்டும் வந்தார்’ என்று மேலே எழுதியதையும், ‘போன தடவை’ என்று அவர் சொன்னதையும் அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாமா என்று யோசித்தேன். அடிக்காமல் அனுப்புகிறேன்.

ஆம்ப்ரோஸ்

*

ஹேவர்பி,
26 ஏப்ரல் 1986

அண்ணா,

முழங்கை கிழிசல் மாடத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

பிப்ரவரியில் பனியில் இரண்டு ரயில் மாறி வந்தேன். உங்களுக்குச் சொல்லாமல் வந்தது, வெளியே வரும்போது உங்களை ஆச்சரியப்படுத்தி ஒரு கோப்பைத் தேநீர் வாங்கித் தரச் சொல்லலாம் என்று. எழுத்தர் பெயரைப் படித்ததும் எட்டிப் பார்த்தேன். மாடத்துக் காவலர், “அம்மா, குனியக் கூடாது, கீழ விழுந்தீங்கன்னா அவைக்கு அவமதிப்பு” என்றார். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. நாலு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த குரல். நாய்க்குப் பயந்தால் எப்படி வருமோ அப்படி வந்தது.

தேநீர் குடிக்காமல் ரயில் ஏறினேன். ரோவினாவிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

மே 2 வருகிறேன். பச்சைத் தொப்பி. முன்பு உட்கார்ந்த அதே இடம், கடிகாரத்துக்கு மேலே. உங்களை எதுவும் கேட்க வரவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெஸ்டர்

*

லண்டன்,
4 மே 1986

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். இரண்டாவது ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா?

மேலே இருந்தபடி நீ எல்லாவற்றையும் பார்த்தாய். ஆனாலும் கீழே இருந்து எப்படி இருந்தது என்று எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நானே நாளைக்கு வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

காலையிலிருந்து நாய் வளர்ப்பு உரிமம் பற்றிய மசோதா. ஒருவர் தன் மூன்று நாய்களையும் பெயர் சொல்லி வர்ணித்தார். எனக்கு அடுத்த இருக்கையில் யாரும் இல்லை. பின்வரிசை முழுக்கவே ஐந்தாறு பேர்தான். நான் வந்ததும் ஸ்டான்டிஷ் முன்வரிசையிலிருந்து திரும்பித் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். வணக்கத்துக்குத்தான் ஆட்டினேன். அது அவருக்கு வேறு மாதிரி பட்டிருக்கலாம்.

இரண்டரை ஆனது. நாய்க்காரர் ஒரு வாக்கியத்தின் நடுவில் உட்கார வைக்கப்பட்டார். எழுத்தர் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார். முதல் இரண்டுக்கும் ஸ்டான்டிஷே “ஆட்சேபம்” என்றார், கொட்டாவி விடுவதைப் போல. மூன்றாவதாக நம்முடையது. பெயர் படிக்கப்பட்டதும் அவர் வாயை மூடிக்கொண்டு காதைப் பின்பக்கம் சாய்த்தார். எனக்காக.

வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது நிச்சயம், நாக்கு காய்ந்தது தெரிந்தது. கடிகாரத்தைப் பார்க்கத்தான் தலையைத் தூக்கினேன். பச்சைத் தொப்பி தெரிந்தது. நீ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் குரல் கேட்கும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நீ முடிவு செய்திருந்தாய் என்று எனக்குப் பட்டது.

“இரண்டாம் வாசிப்பை ஏற்போர் ஆம் என்க” என்றார் சபாநாயகர். ஹாலாம் “ஆம்” என்றார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டான்டிஷ் முழு உடம்போடும் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் மறுபடி முன்பக்கம் திரும்பி வாயெடுப்பதற்குள் “நிறைவேறியது” என்ற சொல் விழுந்துவிட்டது. எழுத்தர் அடுத்த மசோதாவின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார். மூச்சு இழுத்து விடும் நேரம்தான். ஹாலாம் எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதியில் நின்றார்.

வெளித் தாழ்வாரத்தில் ஸ்டான்டிஷ் பிடித்துக்கொண்டார்.

“என்ன வாத்தியாரே, தூங்கிட்டீங்களா?”

“தூங்கவில்லை.”

“பின்ன?”

“குரல் வரவில்லை.”

“என் தலையத்தான் உருட்டுவாங்க, உங்களுத இல்ல. சரி, போங்க. தொண்டைக்கு ஏதாவது சாப்பிடுங்க. இனிமே வெள்ளிக்கிழமை உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்.” அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஹெஸ்டர், அவரிடம் சொன்னது பொய்யா உண்மையா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். துணிந்துதான் சும்மா இருந்தேனா, இல்லை பயத்தில் தொண்டை அடைத்துக்கொண்டதா? நீ என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எனக்குத் தெரியவில்லை.

மாடத்துப் படிக்கட்டுக்கு ஓடினேன், என் முழங்கால் ஓடும் வேகத்தில். நீ போய்விட்டிருந்தாய். காவலர் ஒரு பொட்டலத்தை நீட்டி, “பச்சைத் தொப்பி அம்மா குடுக்கச் சொன்னாங்க. ரயிலுக்கு நேரமாச்சாம். நீங்க அண்ணனா சார்? மூக்கு அப்படியே இருக்கு” என்றார். பிரித்தேன். முழங்கைக்கு வைத்துத் தைக்கும் தோல், ஊசி, பழுப்பு நூல். நேற்று தைத்தேன். கோணலாக வந்திருக்கிறது.

மசோதா இன்னும் சட்டமாகிவிடவில்லை. குழு இருக்கிறது, மேலவை இருக்கிறது, வழியில் எங்கேயும் தடுக்கி விழலாம். ஆனால் இதைத் தாண்டியிருக்கிறது. ரோவினாவிடம் சொல், இந்த வார்த்தையிலேயே: தாண்டியிருக்கிறது. துறைமுகச் சுவருக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு இனி வாய் இல்லை. அவள் போகட்டும், தானாக நிற்கும்வரை. அந்தப் பெயர்ப்பலகை இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. அவள் எப்போது கேட்கிறாளோ அப்போது கொண்டுவருகிறேன்.

உன் அண்ணன்,
ஆம்ப்ரோஸ்

பின்குறிப்பு: என் ஜனவரி 20 கடிதம் உன்னிடம் இருந்தால் எடுத்துப் பார். அதில் ஓரத்தில் மார்க் போட இடம் விட்டிருக்கிறதா என்று ரோவினா கேட்டாளே, இருந்தால் அங்கே சிவப்பில் ஒரு கோடு போடச் சொல். மாடத்தைப் பற்றி எழுதிய மூன்றாவது விஷயம் தவறு.